முதல் பாதி தகப்பன் ஊருக்கு

என் தங்கை வதனாவுக்கு முழங்கால் மாற்றினார்கள். புது முழங்கால் பழகும்வரை சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று இளவாலையிலிருந்த என்னைப் பாரிசுக்குக் கூப்பிட்டாள். பாரிசில் சமைக்க ஆளில்லையா என்று கேட்டேன். "ஆக்கள் இருக்கினம் அக்கா. என்ரை வாய்க்கு ஒருத்தரும் நிண்டுபிடிக்கினமில்லை" என்றாள். தன்னைப்பற்றி இவ்வளவு சரியாக அறிந்து வைத்திருப்பவளுக்கு உதவாமல் இருக்க முடியாது. வெளிக்கிட்டேன்.

நான் வெளிக்கிடும் செய்தி எப்படியோ கொழும்புக்கும் போய்விட்டது. நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கியதால் கொழும்பில் அந்த விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு என்னைத் தெரியும். தெரியும் என்றுதான் சொன்னேன், பிடிக்கும் என்று சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் போன் எடுத்தார்.

"மிஸ், பாரிஸ்ல ஒரு பிள்ளை இருக்கு. ஆரணின்னு பேர். அங்கதான் பிறந்தது. அப்பா அம்மா யாழ்ப்பாணம். ரெண்டாம் டிவிஷன்ல ஆடுது. நம்ம நாட்டு டீமுக்கு ஆடுமான்னு நேர்ல கேட்டுட்டு வாங்க. ஃபோன்ல கேட்டா பாக்கலாம், பாக்கலாம்னே சொல்லுது."

"எந்த இடத்திலை ஆடுறவ?"

"சென்டர் பேக்."

பின்களத்தின் நடு. நாட்டு அணியில் அந்த இடத்தில் இப்போது நிற்பவள் ஜெனிற்றா. மாதகல் பிள்ளை, என் மாணவி. காலையில் வேலைக்குப் போய், பின்னேரம் பந்துக்குப் போய், இரண்டிலும் ஏச்சு வாங்காமல் வீட்டுக்கு வருகிறவள். ஆரணி உள்ளே வந்தால் ஜெனிற்றா வெளியே. இதை விளங்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பார்த்துவிட்டு ஏலாது என்று சொல்வோம் என்று நினைத்து ஓம் என்றேன்.

பாரிஸ் என்று சொல்கிறேனே தவிர, வதனா இருப்பது லெ பிளாங்-மெனில். ரயில் ஓடினால் அது பாரிஸ், ஓடாவிட்டால் இல்லை. போன மறுநாளே மீனும் முருங்கைக்காயும் வாங்க என்னைத் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு அனுப்பினாள். வழி சொன்னது இப்படி: "கார் து நோரிலை இறங்கி வெளியிலை வா. எங்கடை ஆக்கள் எந்தப் பக்கம் போகினமோ அந்தப் பக்கம் போ." போனேன். வழி பிழைக்கவில்லை.

பாலத்துக்கு மேலே மெத்ரோ ஓடுகிறது. கீழே நகைக்கடை, புடவைக்கடை, போன் கடை, சுவர் நிறையக் கண்ணீர் அஞ்சலி. ஊரில் செத்தவரை ஊரில் அறிவதற்கு முதல் இங்கே அறிந்துவிடலாம். மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்க்கப் போனேன். "அக்கா, முறுக்காதேங்கோ. அது பிளேனிலை வந்த களைப்பிலை கிடக்கு" என்றார் கடைக்காரர். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். இளவாலை என்றேன். இளவாலையில் எவடம் என்றார். சொன்னேன். ஆருடைய ஆக்கள் என்றார். அதையும் சொன்னேன். என் தாயின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் வேலிக் கதியாலுக்காக வழக்குப் பேசியது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த வெள்ளைக்காரன் இதில் கால்வாசிகூடக் கேட்கவில்லை.

மீன் வாங்கிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மீன்பையை வெளியே ஒரு கடையில் வைத்துவிட்டுத்தான் போனேன், அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையாரிடம் அந்தப் பிள்ளைக்குக் கால் முறியவேண்டும் என்று கேட்கவில்லை. நான் அவ்வளவு கெட்டவளில்லை. ஆட்டம் கொஞ்சம் சுமாராக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

திரும்பும்போது வந்த முதல் ரயிலில் ஏறினேன். அது வதனாவின் ஸ்டேஷனில் நிற்கவில்லை. பெயர்ப்பலகை கண்ணுக்கு முன்னால் போனது. எங்களூர் பஸ், தட்டினாலும் நிற்கும், தட்டாவிட்டாலும் நிற்கும். பக்கத்தில் பெரிய சாக்குப் பையோடு இருந்த ஆபிரிக்க அம்மாவிடம் பின்பக்கம் கையைக் காட்டி "பிளாங்-மெனில்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். ஓல்னே-சூ-புவாவில் என்னை இறக்கி, மற்றப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், பலகையில் ஊரின் பெயர் இருந்தால் ரயில் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது என்பதை ஒரு வார்த்தையும் இல்லாமல் விளக்கினார். அவர் போகவேண்டிய ரயில் அதற்குள் போய்விட்டது. மீனில் ஒன்றைக் கொடுக்க நினைத்தேன். மணம் ஏற்கெனவே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, ஆனபடியால் விட்டுவிட்டேன்.

ஆரணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வதனாவிடம் பெயரைச் சொன்னதும், "குணத்தின்ரை பெட்டையோ? அவர் லாச்சப்பலிலை கொத்துப் போடுறவர்" என்றாள். அடுத்த நாளே அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். சத்தத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரண்டு தகட்டாலும் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், கைகள் மட்டும் வேறு யாருடையதோ போலத் தடித்திருந்தன.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கொத்துவதை நிறுத்தவில்லை. "இருங்கோ ரீச்சர். முதல்லை சாப்பிடுங்கோ. சாப்பிட்டாப் பிறகு ஏலாதெண்டு சொல்லுறன்" என்றார்.

சாப்பிட்டேன். ஆட்டிறைச்சிக் கொத்து, மேலே ஒரு முட்டை, பக்கத்தில் குழம்பு. சாப்பிட்டு முடிய, கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தார்.

"அந்த நாட்டை விட்டு ஓடி வந்தனான் ரீச்சர். கூட ஓடினவன் ஒருத்தன் வந்து சேரேல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ரை பிள்ளை நிக்கிறதை நான் என்ன கண்ணாலை பாக்கிறது, சொல்லுங்கோ."

அவர் ஓடி வந்த நாட்டில்தான் நான் இருக்கிறேன். அங்கே இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு விசில் ஊதினேன், சம்பளம் எடுத்தேன், ஓய்வும் பெற்றேன். அதற்காக அவர் சொன்னது பிழையாகிவிடாது. அவர் சொன்னது சரி என்பதற்காக ஜெனிற்றா அந்தச் சட்டையைப் போடுவதும் பிழையாகிவிடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் தலையிடிதான் வந்தது.

"பிரான்ஸ் ஒருக்கா கூப்பிட்டது" என்றார் குணம். "திரும்பவும் கூப்பிடும். பொறுத்திருப்பம். நீங்கள் வீட்டை வாங்கோ, அவளையும் பாத்துப்போட்டுப் போங்கோ. வந்ததுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது."

வீடு செவ்ரானில். வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரி இருந்தது. உள்ளே இரண்டு பொம்மை, பித்தளை நடராசர், கல்யாணப்படம், நடுவில் மடித்து வைத்த நீலச் சட்டை. நெஞ்சில் சேவல். ஆரணி பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிரான்சின் இளையோர் பயிற்சி முகாமுக்கு ஒரு தரம் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே கொடுத்த சட்டை. வருகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்கள் போலிருந்தது. அம்மா செல்வி தேத்தண்ணியை நீட்டுவதற்கு முதலே அதைக் காட்டிவிட்டார். வேலணைக்காரி, சுருக்காகக் கதைப்பவர்.

"ஒருக்கா அந்த நாட்டுக்கு ஆடிட்டாள் எண்டா இந்தக் கதவு பூட்டு ரீச்சர். பேந்து பிரான்ஸ் கேட்டாலும் போகேலாது. அதுதான் யோசிக்கிறம்."

ஆரணி வந்தாள். நெடிய பிள்ளை. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நின்றே கதைத்தாள். தாயிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். செல்வி பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். தட்டில் பிஸ்கட் நிறைய இருந்தது.

"நான் அம்மாவுக்குச் சொன்னது, அந்தக் கதவு பூட்டித்தான் கிடக்கு எண்டு" என்றாள் ஆரணி என்னிடம். தமிழ் தாயின் தமிழ்தான், ரகரம் மட்டும் தொண்டையிலிருந்து வந்தது. "இவ்வளவு வருசமாக் கூப்பிடேல்லை ஆன்ரி. மறந்திட்டினம். கோபமில்லை. என்னைவிடத் திறமான ஆக்கள் இருக்கினம்."

"அப்ப எங்களுக்கு ஆடுறதுக்கு உனக்கு விருப்பமோ?"

அவள் தன் கிளப்பைப் பற்றிச் சொன்னாள். அங்கே பாதிப் பேருக்கு இரண்டு நாடு. தகப்பன் மாலி, தாய் அல்ஜீரியா, பாட்டன் போர்த்துக்கல் என்று ஆளுக்கொன்று. ஒவ்வொருத்தியும் வீட்டில் சண்டை பிடித்து ஒன்றைத் தெரிவு செய்துவிட்டாள். நாடுகளுக்கிடையே போட்டி நடக்கிற கிழமையில் கிளப்பே வெறிச்சோடிவிடும். எல்லாரும் தங்கள் தங்கள் நாட்டுக்குப் போய்விடுவார்கள். ஆரணியும் காயப்பட்ட ஒரு கோல்கீப்பரும் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள்.

"அவை திரும்பி வந்து கதை சொல்லுவினம். தேசிய கீதம் பாடேக்கை அழுதது, பஸ் பழுதாப்போனது, தோத்தது. எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை. எனக்கும் ஒருக்கா தோக்கவேணும் ஆன்ரி. ஒரு நாட்டுக்காகத் தோக்கவேணும்."

"அப்ப வா."

"அப்பா ஓம் எண்டு சொன்னா வருவன். அவர் சொல்லாமல் அந்தச் சட்டையைப் போடமாட்டன். அவரை எனக்குத் தெரியும். ஏசமாட்டார். சாப்பிடாமல் இருப்பார்."

நல்ல பிள்ளை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்ட பிள்ளையாக இருந்தால் வேலை சுலபம்.

ஆட்டத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். கிளப் போட்டிகள் முடிந்துவிட்டன, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கங்களின் விளையாட்டு விழா இருக்கிறது என்றாள். பெண்கள் ஆட்டம் கரவெட்டிக்கும் வேலணைக்கும். சொல்லிவிட்டு நெற்றியைத் தடவினாள். தகப்பன் ஊர் கரவெட்டி. தாய் ஊர் வேலணை என்று முதலே சொன்னேன்.

ஞாயிறு அன்று மைதானத்தைக் கண்டுபிடிக்க ரயில் பலகை தேவைப்படவில்லை. வடை பொரிக்கும் மணம் பஸ் தரிப்பிடம் வரை வந்திருந்தது. செயற்கைப் புல், நல்ல கோடு, வலை போட்ட கோல் கம்பம். எங்கள் பள்ளிக்கூடத்தில் கோல் கம்பத்தில் மாடு கட்டுவார்கள். ஓரத்தில் ஊருக்கொரு கூடாரம். ஒலிபெருக்கிக்காரர் ஆட்டத்தை விட்டுவிட்டு, நீலக் கார் ஒன்றின் சொந்தக்காரரை வந்து காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பெண்கள் ஆட்டம் தொடங்கவில்லை. நடுவில் இரண்டு சங்கத் தலைவர்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"பிள்ளை தகப்பன் ஊர். இதிலை என்ன கதை இருக்கு?" என்றார் கரவெட்டித் தலைவர்.

"எந்தக் காலத்திலை அண்ணை யாழ்ப்பாணத்திலை பிள்ளை தகப்பன் ஊரிலை வளந்தது?" என்றார் வேலணைத் தலைவர். "சீதன வீடு பொம்பிளைக்கு. மாப்பிள்ளை வந்து பொம்பிளை வீட்டிலைதான் இருப்பார். ஊரிலை இருந்திருந்தா இந்தப் பிள்ளை வேலணையிலைதான் பிறந்து வேலணையிலைதான் பந்தடிச்சிருக்கும்."

"நான் சீதனம் வாங்கேல்லை" என்றார் ஓரத்தில் நின்ற குணம்.

"வாங்காதது உங்கடை பிழை. வீடு அங்கை இப்பவும் நிக்குது."

இரண்டு பக்கத்து விளையாட்டுக்காரிகளும் புல்லில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு ஊரையும் கண்டதில்லை. ஆரணி இரண்டு அணிக்கும் நடுவில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் குணம் என்னைக் காட்டிக் கொடுத்தார். "ரீச்சர் ஊரிலையிருந்து வந்து நிக்கிறா. நடுவர் வேலையும் தெரியும். அவவைக் கேளுங்கோ." இரண்டு தலைவர்களும் திரும்பினார்கள். எந்த ஊர் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இளவாலை என்றதும் இரண்டு பேருக்கும் திருப்தி. எனக்கு இரண்டு ஊரிலும் சொந்தமில்லை, காணி வழக்கும் இல்லை.

சீதன நியாயம் சரியான நியாயம்தான். தகப்பன் நியாயமும் சரிதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "முதல் பாதி தகப்பன் ஊருக்கு, ரெண்டாம் பாதி தாய் ஊருக்கு. விசிலைத் தாங்கோ" என்றேன்.

யாரும் மறுக்கவில்லை. உலகத்தில் வேறெங்கேயாவது இப்படி ஒரு தீர்ப்பைக் கொடுத்திருந்தால் அந்த நடுவரை வைத்தியரிடம் அனுப்பியிருப்பார்கள். இங்கே இரண்டு தலைவர்களும் கை கொடுத்தார்கள்.

முதல் பாதியில் ஆரணி கரவெட்டிச் சட்டையோடு நின்றாள். வேலணையின் முன்களப் பிள்ளை காற்றுப்போல ஓடக்கூடியவள், ஆனால் ஆரணியைத் தாண்டவில்லை. ஆரணி ஓடவே இல்லை. பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே முதலே போய் நின்றாள். காலை நீட்டி எடுத்தாள், தலையை நிமிர்த்திப் பார்த்தாள், பந்து அளந்து வைத்ததுபோல மற்றவளின் காலில் போய் விழுந்தது. நான் நடந்துதான் விசில் ஊதினேன், என் வயசுக்கு அவ்வளவுதான் ஏலும். ஆனபடியால் வடிவாகப் பார்த்தேன்.

இடைவேளையில் சட்டை மாற்றினாள். ஒலிபெருக்கிக்காரர், "இப்பொழுது வேலணையின் வீராங்கனை ஆரணி" என்று முதல் பாதியே நடக்காததுபோல அறிவித்தார். இரண்டாம் பாதியில் கரவெட்டிக்காரிகள் வந்து வந்து அவளில் முட்டிக்கொண்டு போனார்கள். சற்று முதல் தான் பந்து கொடுத்த பிள்ளைகளிடமிருந்தே அதைப் பறித்தாள். எந்த ஊருக்கும் குறைவாக ஆடவில்லை.

குணம் முதல் பாதி முழுக்கக் கத்தினார். இரண்டாம் பாதியிலும் கத்தினார். கரவெட்டித் தலைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குணம், நீ இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "என்ரை பெட்டை நிக்கிற பக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து கத்தினார்.

பூச்சியத்துக்குப் பூச்சியம். ஒரே பிள்ளை இரண்டு கோலையும் காத்தால் வேறென்ன வரும். கிண்ணத்தின் இரண்டு காதையும் இரண்டு தலைவர்களும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்கள்.

எனக்கு மனம் சரியில்லை. பிள்ளையார் நான் கேட்டதைத் தரவில்லை. என் ஜெனிற்றா நல்ல ஆட்டக்காரி, பயமில்லாதவள், விழுந்தால் எழும்புகிறவள். ஆனால் இது வேறு. மைதானத்தில் நின்றே எனக்கு அழுகை வந்தது. ஜெனிற்றாவை நினைத்துத்தான்.

ஆரணி வடையும் மோரும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். "அங்கை என்ரை இடத்திலை ஆர் ஆடுறது?" என்று கேட்டாள்.

சொன்னேன். மறைத்து என்ன செய்ய. ஜெனிற்றா எந்த ஊர், எப்படி ஆடுவாள், என்னிடம் எத்தனை வயசில் வந்தாள் என்று எல்லாம் சொன்னேன்.

"நான் வந்தா அவ?"

"வெளியிலை வாங்கிலை குந்தியிருப்பாள்."

மோரைக் குடித்து முடித்தாள். "முகாமிலையிருந்து என்னைத் திருப்பி அனுப்பேக்கை ஒரு பஸ்ஸிலை ஏத்திவிட்டவை ஆன்ரி. பஸ்ஸிலை ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. நான் அவவை அந்தப் பஸ்ஸிலை ஏத்தமாட்டன். அப்பாவைக் கேக்கத் தேவையில்லை. நான் வரேல்லை."

அன்று ரயிலில் சரியான ஸ்டேஷனில் இறங்கினேன். சந்தோசமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். தகப்பனும் வேண்டாம் என்கிறார், மகளும் வேண்டாம் என்கிறாள், என் பிள்ளையின் இடம் தப்பியது. மீன்குழம்பில் உப்புக் கூட என்று வதனா சொன்னாள்.

ஊருக்குத் திரும்ப முதல் குணம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு போனேன். கடையில் நானும் ஆரணியும்தான். குணம் மூன்று பேருக்கும் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் இருந்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஜெனிற்றா. கையில் சொதி என்பதால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ரீச்சர், சென்டர் பேக் ஒண்டு பாக்கப் போனீங்களாம். கொழும்பிலை சொல்லிச்சினம். எனக்கு நீங்கள் சொல்லேல்லை."

"சொல்ல என்ன இருக்கு பிள்ளை. அவ வரேல்லையாம். உன்ரை இடம் உனக்குத்தான்."

சந்தோசத்தில் துள்ளுவாள் என்று நினைத்தேன்.

"எப்பிடி ஆடுவா?"

நான் இடியப்பத்தைப் பார்த்தேன். "திறம்" என்றேன்.

"என்னைவிடத் திறமோ?"

எத்தனையோ தரம் அவளுக்கு எதிராக விசில் ஊதியிருக்கிறேன். இது ஊத வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "ஓம் பிள்ளை."

"அப்ப ஏன் ரீச்சர் வேண்டாமெண்டு விட்டனீங்கள்? என்னைக் கேட்டனீங்களோ? ஆர் உங்களைக் கேட்டது எனக்கு இடம் பிடிக்கச் சொல்லி?" இவ்வளவு காலத்தில் என்னோடு அவள் குரலை உயர்த்தியதில்லை. "போனை அவவிட்டைக் குடுங்கோ."

"நான் பக்கத்திலைதான் இருக்கிறன்" என்றாள் ஆரணி.

"அக்கா, நீங்கள் வராட்டி நான்தான் ஆடுவன். ஆடி ஆறு கோல் வாங்குவன். ஒவ்வொரு தரமும் வாங்கிப்போட்டு நிமிந்து பாக்க, எனக்குப் பின்னாலை கோல்கீப்பர் பிள்ளை வலைக்குள்ளை போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு நிப்பாள். எனக்கு அந்த இடம் வேண்டாம். நான் வாங்கிலை இருந்துகொண்டு ஒருக்கா வெல்லுறதைப் பாக்கிறன். வாங்கோ."

ஆரணி தகப்பனைப் பார்த்தாள். இனி அவளிடம் வேறு சாட்டு இல்லை. மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான். குணம் சாப்பாட்டில் கை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீ எந்த ஊர்?" என்றார்.

"மாதகல். ஆர் கதைக்கிறது?"

"நான் இவளின்ரை அப்பா. மாதகல் கரையாலைதான் நான் போட் ஏறினனான்."

"அப்பிடி கன பேர் சொல்லுவினம் அங்கிள். எங்கடை வீடு கரையிலைதான்."

குணம் போனைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, நான் அவரிடம் பதில் சொல்லமுடியாமல் விட்ட கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டார். "அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கேக்கை உனக்கு எப்பிடிப் பிள்ளை இருக்கும்?"

அவர் எதைக் கேட்கிறார் என்று ஜெனிற்றாவுக்கு விளங்கியது. எனக்கு அவளைத் தெரியும், அவளுக்கு விளங்காமல் இருக்காது. அவளுடைய வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் இருக்கிறது.

"பெரிசா இருக்கும் அங்கிள்" என்றாள். "தைச்ச ஆளுக்கு நாங்கள் பொம்பிளையள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைப் போலை. தோள் முழங்கைக்கு வந்திடும். நான்தான் எல்லாருக்கும் பிடிச்சுத் தைச்சுக் குடுக்கிறனான். தைச்சாப் பிறகு எங்கடை சட்டை மாதிரித்தான் இருக்கும். அக்கான்ரை அளவைச் சொன்னீங்கள் எண்டா அவவுக்கும் தைச்சு வைப்பன்."

கடைக்கு வெளியே யாரோ வேன் கதவை அடித்துச் சாத்தினார்கள். ஆரணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டில் கண்ணீர் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

"எழும்பு" என்றார் குணம்.

ஆரணி எழும்பினாள். அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, தலையிலிருந்து கால்வரை மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"இவளுக்குத் தோள் அகலம் பிள்ளை. தோளிலை கை வையாதை. இடுப்பை மட்டும் பிடி."